எண்ணூறு மில்லி

பங்குனி முடியவில்லை,
தொட்டியின் அடி தெரிந்துவிட்டது.
நகரியில் எங்கள் தெருவுக்கு
ஒருநாள் விட்டு ஒருநாள் குழாய் வரும்,
நாற்பது நிமிஷம்.
பதினொரு குடம் வீட்டுக்கு.
மிச்சம் கொல்லைக்கு.

கொல்லை என்றால் பெரிதாக எதுவுமில்லை.
சிமெண்டுச் சாக்கில் மூன்று தக்காளி.
கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு
யாரும் கேட்காமல் ஏறிய கோவை.
ஒரு பாத்தி புளிச்சகீரை.
பக்கத்து வீட்டு வரலட்சுமம்மா
கோங்குரா என்று கேட்பாள்,
நான் புளிச்சகீரை என்று கொடுப்பேன்,
கீரைக்கு ஒரு குழப்பமும் இல்லை.
அப்புறம் அந்த ஒட்டு எலுமிச்சை,
போன தையில் நட்டது,
இன்னும் முழங்கால் தாண்டவில்லை.

இவருக்கு நாளைக்கு எண்ணூறு மில்லி என்று
டாக்டர் சீட்டில் எழுதி, அடியில் கோடும் போட்டார்.
டீ, மோர், ரசம்,
மாத்திரை விழுங்கும் மடக்கு,
எல்லாம் சேர்த்து.
காலையில் அளந்து பாட்டிலில் ஊற்றிவைப்பேன்.
டீ குடித்தால் டீயளவு தண்ணீரை
பாட்டிலிலிருந்து எடுத்து
எலுமிச்சைக்கு ஊற்றிவிடுவேன்.
அவர் பார்த்துக்கொண்டே இருப்பார்.
"என் பங்காளி நல்லா குடிக்கிறான்" என்பார்.

சித்திரையில்
தறிச்சத்தம்கூட வியர்த்தது போல் கேட்டது.
மலையின் மூக்கு வெயிலில் மங்கி
இருக்கிறதா என்று தேடவேண்டியிருந்தது.
தக்காளிப் பூ பிஞ்சாகாமலே உதிர்ந்தது.
அரிசி களைந்தது, கீரை அலசியது,
சோப்புப் போடாமல் துணி பிழிந்தது,
ஒவ்வொன்றும் எந்தச் செடிக்கு என்று
தூக்கத்தில்கூடச் சொல்வேன்.
சாயங்காலம் எலுமிச்சைக்கு ஒரு சொம்பு.
அது மட்டும் இவர் வேலை.
குனிந்து ஊற்றுவதற்கு
முக்கால் மணி நேரம் ஆகும் மனுஷன்,
பாவம், செய்யட்டும் என்றிருந்தேன்.

கத்திரி பிறந்து நாலாம் நாள், வெள்ளிக்கிழமை.
திருத்தணியில் எடை பார்த்த நர்சு
முள்ளைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்.
"மூணு கிலோ எப்படிங்க ஏறும்?"
இவர் ஃபேனைப் பார்த்தார்.

நாலு மணி நேரம் மெஷின் ஓடியது.
பஸ்ஸில் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டு வந்தார்.
வீட்டுக்கு வந்து விளக்கைப் போடுமுன்
கொல்லைக்குத்தான் போனேன்.
எலுமிச்சை இலையெல்லாம் சுருண்டு
படகு படகாக நின்றது.
அடிமண்ணில் விரல் விட்டேன்.
இரண்டாம் கணுவரை வறண்டிருந்தது.
எத்தனை நாளாய் என்று
மண்ணுக்குத் தெரியும், சொம்புக்குத் தெரியும்.

சண்டை போடவில்லை.
போட்டிருப்பேன்.
வாயைத் திறந்தபோது
என் நாக்கே மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது,
காலையிலிருந்து நானும் குடிக்கவில்லை.
அவர் எதிரில் குடிப்பதில்லை,
அடுப்படிக் கதவுக்குப் பின்னால்தான்.

மறுநாள் தறிக்கூடத்தில் கேட்டு
ஒரு சாக்குக் கழிவுநூல் கொண்டுவந்தேன்.
சிவப்பு, மயில்கழுத்து, மாம்பழ மஞ்சள்.
எலுமிச்சை அடியில் கனமாகச் சுற்றிவைத்து
இரவில் இரண்டு சொம்பு விட்டேன்.
ஈரம் இரண்டு நாள் நின்றது.
இவருக்கு
ஐஸ் தட்டில் குழிக்குக் கொஞ்சமாக ஊற்றி
எண்ணிக் கொடுத்தேன்.
ஒரு கட்டி இருபது நிமிஷம் வருகிறது.
கணக்குப் பார்த்தால் இரண்டு வைத்தியமும் ஒன்றுதான்,
மெல்ல விடுவது.

வைகாசியில் ஒரு ராத்திரி
ஆலங்கட்டியோடு கொட்டியது.
வரலட்சுமம்மா தெலுங்கில் கத்தினாள்,
நான் தமிழில் வடகத்தட்டைத் தேடி ஓடினேன்.
திரும்பினால் இவர் கொல்லையில்,
எலுமிச்சைக்குப் பக்கத்தில்,
முகத்தை மேலே தூக்கிக்கொண்டு.
வாய் மூடியிருந்ததா என்று
மின்னல் ஒருமுறை காட்ட வந்தது.
நான் வடகத்தை எண்ணிக்கொண்டிருந்தேன்.

காலையில் நூல் பிரித்தேன்.
சாயம் இறங்கி மண் ரோஜா நிறமாயிருந்தது.
அடியில் இரண்டு மரவட்டை.
மூன்று புதுத் துளிர்.
கோவையைப் பாதி காற்று கொண்டுபோயிருந்தது.
பாட்டிலைக் கழுவி
எழுநூறு ஊற்றிவைத்தேன்.
"நூறு குறையுதே" என்றார்.
"குறையட்டும்" என்றேன்.